ஞாயிற்றுக்கிழமை எடை

நவம்பர் 2, ஞாயிறு

நாட்குறிப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். கோழிகளின் எடையை எழுதியே கை ஓய்ந்துபோகிற உத்தியோகம். கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல் சொல்லித்தருகிறேன். குஞ்சு பொரித்த நாளிலிருந்து வாரா வாரம் எடை போட்டு, அது என்ன வேகத்தில் வளர்கிறது, கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று சமன்பாடு எழுதிச் சொல்வது என் வேலை. இனி வாணியின் எடையையும் எழுதப் போகிறேன். அதற்காகத்தான் இது.

நேற்று கோயமுத்தூரில் டாக்டரம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வால்வ மாத்தியே ஆகணும். ஆனா இந்த உடம்ப வெச்சுக்கிட்டு ஆபரேஷன் தாங்காது. நாப்பத்தஞ்சு கிலோவுக்குக் கொண்டுவாங்க. ஜனவரில பண்ணிடலாம்." சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் அவள் இதய வால்வைச் சுருக்கிவிட்டுப் போனது எங்களுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரியும். குழந்தை வேண்டாம் என்று அப்போதே சொல்லிவிட்டார்கள். இத்தனை வருஷம் மாத்திரையில் ஓட்டியாயிற்று, இனி ஓடாது.

டாக்டரம்மா இன்னும் என்னென்னவோ சொன்னார். உப்பு, தண்ணீர், நீர் மாத்திரை, எப்போது உடனே கூப்பிட வேண்டும் என்பது. வாணி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் நாற்பத்தைந்தைப் பிடித்துக்கொண்டேன்.

நிலையத்தில் சும்மா கிடந்த எடைமேடையைச் சொல்லிவிட்டு எடுத்துவந்து, படிக்கல் வைத்துச் சரிபார்த்து, கூடத்தில் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டேன். ஞாயிறு காலை, பல் விளக்கியதும், எதுவும் குடிப்பதற்கு முன்னால், அதே நைட்டியோடு ஏற வேண்டும். விதியைச் சொன்னதும் வாணி சிரித்தாள்.

"ஏனுங்க, எனக்கும் றெக்கையில நம்பர் மாட்டிருவீங்களா?"

39.0.

நவம்பர் 3, திங்கள்

புதுக் கூட்டம் இறங்கியது. இடப்பக்கத் தடுப்பில் கறிக்கோழி, வலப்பக்கத்தில் நாட்டுக்கோழிக் கலப்பு. ஒரு நாள் குஞ்சுகள், உள்ளங்கையில் வைத்தால் சூடாக இருக்கும். றெக்கையில் எண் தகடு மாட்டி எடை போட்டு முடிக்க மத்தியானமாகிவிட்டது. உடன் நின்றது அன்வர் பாஷா. நோயியல் துறை, என்னைவிட வயதில் இளையவர், செத்த கோழியை அறுத்துப் பார்த்துக் காரணம் சொல்கிறவர். குஞ்சு இறங்கும் நாளில் அவருக்கு வேலையே இல்லை, ஆனாலும் வந்துவிடுவார். "உயிரோட இருக்கறதயும் ஒரு நாள் பாக்கணுமில்ல சார்" என்பார்.

நவம்பர் 9, ஞாயிறு

39.2. காலையில் உளுந்தங்களி, பத்து மணிக்கு முட்டை, சாயங்காலம் ராகிக்கூழ் என்று அட்டவணை போட்டு ஃபிரிஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். களியில் ரெண்டு வாய் வைத்துவிட்டு மிச்சத்தை என் தட்டில் தள்ளுகிறாள். எனக்குத்தான் எடை ஏறும் போலிருக்கிறது.

நவம்பர் 14, வெள்ளி

வாணி ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் தைக்கிறாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்பதில்லை, குறைத்துக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் வளைவு வரைந்துகொண்டிருந்தேன். முதலில் மெதுவாக ஏறி, நடுவில் வேகம் பிடித்து, பிறகு சாய்ந்து ஒரு மட்டத்தில் அடங்குகிற கோடு. எல்லாக் கோழியும் ஏறக்குறைய இந்தக் கோட்டில்தான் வளரும்.

"இத யாரு கண்டுபுடிச்சா?" என்றாள்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் கோம்பெர்ட்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதியது, ஆயுள் காப்பீட்டுக்காக, எந்த வயதில் எத்தனை பேர் சாவார்கள் என்று கணக்கிட. வெகுகாலம் கழித்துத்தான் அதை வளர்ச்சிக்குத் திருப்பிக்கொண்டார்கள் என்றேன்.

"அட, ரெண்டுக்கும் ஒரே கணக்குத்தானா!" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். எனக்கு இந்தப் பேச்சை ஏன் எடுத்தோம் என்றிருந்தது.

நவம்பர் 16, ஞாயிறு

38.7. இரண்டு முறை ஏறச் சொன்னேன். மேடையைச் சுவர்ப் பக்கம் நகர்த்திவைத்து மூன்றாவது முறையும் ஏறச் சொன்னேன். அதே எண். இறங்கி நின்று என் முகத்தையே பார்த்தாள்.

"நீர் மாத்திர போட்டாக் கொறையுமுங்க. அது நிக்காமப் போகுது" என்றாள்.

இனிமேல் ஞாயிறு மட்டும் எடை போட்ட பிறகு மாத்திரையை விழுங்கு, கணக்கு ஒரே மாதிரி இருக்கும் என்றேன். சரியென்றாள். மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

39.5. நல்லது.

நவம்பர் 27, வியாழன்

கொல்லிமலைப் பக்கமிருந்து குளிர் இறங்கிவிட்டது. கொட்டகையைச் சுற்றிப் படுதாவை இறக்கிக் கட்டச் சொன்னேன். உள்ளே காற்று குறையும், ஆனால் குஞ்சு விறைத்துப்போகாது. கறிக்கோழிகள் இப்போதே புறா அளவைத் தாண்டிவிட்டன. நாட்டுக்கோழிகள் நிதானமாக வருகின்றன.

நவம்பர் 30, ஞாயிறு

40.6!

வாணியின் ஐந்து எண்களையும் வளைவில் பொருத்திப் பார்த்தேன். நாற்பத்தோரு வயதுப் பெண்ணுக்குக் குஞ்சுகளின் சமன்பாட்டைப் போடுவது முறையல்ல என்று எனக்குத் தெரியாதா? மாணவன் எவனாவது செய்திருந்தால் காகிதத்தை முகத்தில் எறிந்திருப்பேன். ஆனாலும் போட்டேன். ஜனவரி நடுவில் நாற்பத்தைந்து என்று வந்தது. அவளிடம் காட்டினேன். "பொங்கலுக்கா?" என்றாள். "பொங்கலுக்கு" என்றேன். இன்று இரண்டு வேளையும் நன்றாகச் சாப்பிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

நேற்றுக் கார்த்திகை தீபம். மொட்டைமாடிக்கு விளக்குக் கொண்டுபோனபோது வாணி பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது. நான் தட்டை வாங்கிக்கொண்டு மேலே போய் எல்லா விளக்கையும் நானே வைத்தேன். திரும்பி வரும்போதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நாள் முழுக்க வாசல் கழுவி வேலை பார்த்தால் யாருக்குத்தான் மூச்சு வாங்காது.

டிசம்பர் 7, ஞாயிறு

42.1. ஒரே வாரத்தில் ஒன்றரைக் கிலோ. வளைவுக்கு மேலேயே போகிறாள்.

ஜாக்கெட் இடுப்புப் பிடிக்கிறது என்று பிரித்து விட்டுத் தைத்தாள். இதைவிட நல்ல அடையாளம் வேண்டுமா? அதே கையோடு தோள்பட்டைக்குக் கீழே கைப்பகுதியை ஒரு விரல் உள்ளே பிடித்துத் தைத்தாள். அது தொளதொளக்கிறதாம்.

டிசம்பர் 10, புதன்

இடப்பக்கத் தடுப்பில் ஐந்து கோழிகள் செத்துக் கிடந்தன. அன்வர் ஒன்றை மேசையில் மல்லாத்தி வயிற்றைக் கீறினார். மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது, ஒரு டம்ளருக்கு மேல் இருக்கும்.

"நம்பரப் பாருங்க சார். போன வாரம் கூட்டத்துலயே எடை ஜாஸ்தி இதுதான். உயிரோட இருந்திருந்தா நல்லா வளருதுன்னு சொல்லியிருப்போம்" என்றார்.

இது குளிர்காலத்தில் வருவதுதான். உடம்பு கேட்கிற வேகத்துக்கு இதயம் ஈடுகொடுக்க முடியாமல் திணறும், நீர் வயிற்றில் தேங்கும், தராசு அதையும் சேர்த்துக் காட்டும். சதையா தண்ணீரா என்று தராசுக்குத் தெரியாது. வளைவுக்கு மேலே போகிற கோழியைக் கண்டு சந்தோஷப்படாதே, தூக்கிப் பார் என்று வருஷா வருஷம் வகுப்பில் நான்தான் சொல்கிறேன்.

ஐந்தின் எண்களையும் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன். படுதாவைப் பாதி தூக்கிக் கட்டச் சொன்னேன்.

டிசம்பர் 11, வியாழன்

வாணி மெட்டியைக் கழற்றி வைத்திருக்கிறாள். விரலை இறுக்குகிறதாம். இரண்டும் சேர்த்துப் பத்து கிராம்கூட வராது, எடையில் திருத்தம் தேவையில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

43.8. மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குகிறாள். சளி என்கிறாள். இருமல் மருந்து வாங்கி வந்தேன்.

டிசம்பர் 15, திங்கள்

கொட்டகையில் இன்னும் நான்கு. அன்வர் கூப்பிட்டார். வேலையிருக்கிறது என்று நான் போகவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

45.3.

கணக்குப் போட்டதைவிட முன்னாலேயே வந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "போதுமா?" என்றாள். போதும் போதும் என்று கையைப் பிடித்து ஆட்டினேன், குழந்தை மாதிரி. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன், அடுத்த வாரம் அழைத்துவரச் சொன்னார்கள். கடைவீதிக்குப் போய் மைசூர்பாகு வாங்கிவந்தேன். அவள் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு மிச்சத்தை மூடிவைத்துவிட்டாள்.

டிசம்பர் 22, திங்கள்

அன்வருக்கு மைசூர்பாகு கொடுத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு, "வாரத்துக்கு எவ்வளவு ஏறுச்சு சார்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் கையிலிருந்த துண்டை வாயில் போடவில்லை.

"ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே? அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கா?"

"அன்வர், எம் பொண்டாட்டி உங்க மேசைக் கோழி இல்ல" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கொட்டகை ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இனி இரண்டு நாள் அவர் முகத்தில் விழிக்கக் கூடாது.

டிசம்பர் 23, செவ்வாய்

மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டேன். வாணி நாற்காலியில் சாய்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். சேலை நுனி பாதத்தை மூடியிருந்தது. இந்த ஒரு மாதமாக அவள் பாதத்தை நான் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். கீழே உட்கார்ந்து சேலையைக் கொஞ்சம் விலக்கி, முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அது மேலே வரவில்லை.

அவள் விழித்துக்கொண்டாள். காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளா?"

"கார்த்திகைக்கு முன்னாடியேங்க."

"மாத்திரை?"

"போடறதில்லீங்க. அதப் போட்டாக் கொறஞ்சுருது."

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எழுத மாட்டேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

அவள் மெதுவாகச் சொன்னாள்: "நாப்பத்தஞ்சு இருந்தா ஆப்பரேசன் பண்ணிருவாங்கன்னு நெனச்சன். மேல ஏத்திப்புட்டா அப்பறம் அவங்க பாத்துக்குவாங்கல்லங்க."

கார் பிடித்து உடனே கிளம்பினோம்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஊசி போட்டு நீரை வடித்துக்கொண்டிருக்கிறார்கள். தினம் காலையில் நர்ஸ் எடை எழுதிப் போகிறார். 43. 41.2. 38.9. 37. இன்று 35.8. இதுதான் நிஜம். நான் களியும் முட்டையும் கொடுத்து ஏற்றியதாக நினைத்த இரண்டு மாதத்தில் அவள் மூன்று கிலோ கரைந்திருக்கிறாள். நவம்பரிலேயே கூட்டிவந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். இதை டாக்டரம்மா என்னிடம் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

சிறுநீரகமும் பழுதாகிவிட்டதாம். "ஆபரேஷன் இப்ப முடியாது" என்றார். எப்போது முடியும் என்று கேட்டேன். பேனாவை மூடிக் கோட்டுப்பையில் செருகிக்கொண்டார்.

டிசம்பர் 30, செவ்வாய்

வாணியால் இன்று பேச முடிந்தது. ஜன்னலோரம் வெயில் வந்திருந்தது. அன்றைக்கு ஆபரேஷனுக்காக என்று சொன்னாயே, அது மட்டும்தானா என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

வெயில் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "நீங்க அந்த நம்பர எழுதறப்ப ஒரு சிரிப்பு சிரிப்பீங்க. கண்ணாலம் ஆனதுலருந்து அப்படி ஒரு சிரிப்ப நான் பாத்ததில்ல. எனக்கு எந்தக் காலத்துலயும் ஒடம்புக்கு முடியாதுதானுங்க, ஒங்கள நான் என்னத்தச் சிரிக்க வெச்சன்? வாரத்துக்கு ஒருக்கா அது கெடைக்குதுன்னு விட்டுட்டன். நெம்ப நாளு வேண்டாம், பொங்கல் வரைக்கும்னு நெனச்சன்" என்றாள்.

"எனக்குத் தெரியாமலா இருந்துச்சு புள்ள?" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, இதில்கூட எழுதவில்லை. மெட்டியைக் கழற்றிய அன்றைக்கே தெரியும். தெரிந்ததைத் தெரியாதென்று வைத்துக்கொண்டு வாரா வாரம் மேடையில் ஏற்றினேன்.

அவள் கையை நீட்டி என் தலையைத் தொட்டாள். இருவரும் அழுதோம். பக்கத்துப் படுக்கைக்காரம்மா எழுந்து திரையை இழுத்துவிட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். மாத்திரைகளை நானே கொடுக்கிறேன், விழுங்கும் வரை நிற்கிறேன். எடைமேடையை நிலையத்துக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். எடுத்துப்போக அன்வரே வந்தார். வாணி அவரை உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னாள். நான் போட்ட காபி, வாயில் வைக்க முடியாது. முழுவதும் குடித்துவிட்டுப் போனார். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பக்கத்து வீட்டில் வைத்துக் கொடுத்தார்கள்.

ஜனவரி 22, வியாழன்

கறிக்கோழித் தடுப்பு காலி. என் மாணவர்கள் வளைவைப் பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். கோடும் புள்ளிகளும் அவ்வளவு அழகாகச் சேர்கின்றன, செத்தவை எதுவும் அதில் இல்லை. நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டேன்.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். காலையிலிருந்தே தெருவில் காவடி போகிற சத்தம். வாணி பார்க்க வேண்டும் என்றாள். நடக்க முடியாது. வாசலில் நாற்காலி போட்டு, தலைகாணி வைத்து, திரும்பி வந்து அவளைத் தூக்கினேன். ஒரு கை முதுகுக்குக் கீழே, ஒரு கை முழங்காலுக்குக் கீழே. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

கோழியைக் கையில் எடுத்ததுமே எடை சொல்லிவிடுகிற பழக்கம் எங்கள் வேலையில் இருக்கிற எல்லோருக்கும் வந்துவிடும். வேண்டும் என்று செய்வதில்லை, கை தானாகச் சொல்லும். கூடத்தைத் தாண்டுவதற்குள் கை சொல்லிவிட்டது, ஆஸ்பத்திரியில் கடைசியாக எழுதியதைவிடவும் குறைவு.  நிலைப்படிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

"எத்தனைங்க?" என்றாள் என் காதுக்குப் பக்கத்தில்.

"தெரியல."

"உங்களுக்காத் தெரியாது!" என்று சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது. அது அடங்கும் வரை இறக்காமல் வைத்துக்கொண்டிருந்தேன். "சரி, வெளிய போங்க, காவடி போயிரப் போகுது" என்றாள்.

வாசலுக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தேன். மயிலிறகுக் காவடி எடுத்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் நின்று, அவளுக்காகவே ஒரு சுற்று ஆடினார். அவள் கும்பிட்டாள். கும்பிட்ட கையை இறக்காமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

பிறகு உள்ளே கொண்டுபோக மறுபடியும் தூக்கினேன்.